ஏழு புத்தகம் குறைச்சல்

வேதாகமத்தின் புத்தகங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன, எப்படிக் காப்பாற்றப்பட்டன என்பதைப் பற்றி நான் மூன்று கல்லூரிகளில் பேசியிருக்கிறேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, திருச்சபைச் சங்கங்கள், பட்டியல்கள், தோல்சுருள்கள் என்று ஒரு மணி நேரம் போகும். மூன்று இடத்திலும் ஒரே ஒரு தகவலை மட்டும் விட்டுவிட்டேன். ஒன்பது வயதில், அப்பாவின் சவர பிளேடால் ஒரு பைபிளை அறுத்து, அதில் எனக்குப் பிடித்த புத்தகங்களை மட்டும் பொறுக்கி, மைதாப் பசையால் இன்னொரு பைபிளில் ஒட்டியவள் நான். இந்தத் துறையில் இப்படி நேரடி அனுபவம் உள்ள பேச்சாளர் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா ரைட்டராக, அதாவது கணக்கெழுதுகிறவராக, இருந்தார். எங்கள் வீட்டில் மனிதர்களைவிடப் பனிமூட்டம்தான் அதிக நேரம் குடியிருந்தது. ஐப்பசியில் சன்னல் வழியாக உள்ளே வந்து, கட்டிலுக்கு அடியில் கொஞ்ச நேரம் படுத்திருந்து, கேட்காமல் கொள்ளாமல் அடுப்படி வழியாகப் போய்விடும். போகும்போது சும்மா போகாது. செருப்பு, பெல்ட், அப்பாவின் கல்யாணக் கோட்டு எல்லாவற்றின் மேலும் பச்சையாகப் பூசணம் வைத்துவிட்டுப் போகும். புத்தகம் என்றால் அதற்குத் தனிப் பிரியம்.

அதனால் மழை விட்டு முதல் வெயில் அடிக்கும் நாளில் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. காப்பிக் களத்தில் ஒரு ஓரத்தை ஒதுக்கிக்கொடுப்பார்கள். பழம் காயும் பக்கத்திலேயே ஆபீஸில் ஆள்கணக்கு எழுதும் செக்ரோல்கள், பள்ளிக்கூடப் புத்தகங்கள், பஞ்சாங்கம், ஜாதகக் கட்டுகள், எங்கள் வீட்டு பைபிள்கள் என்று எல்லாம் வாயைத் திறந்துகொண்டு காயும். காற்று வந்து எல்லாப் பக்கங்களையும் ஒரே நேரத்தில் புரட்டும். புளித்த காப்பிப் பழ வாசனையும் பழைய காகித வாசனையும் கலந்து வரும். இப்போதும் வேதம் என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்கில் வருவது அந்த வாசனைதான்.

எங்கள் வீட்டில் பைபிள் இரண்டு. ஒன்று அத்தையுடையது. அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். எங்களோடுதான் இருந்தார். அப்பா வீட்டார் கத்தோலிக்கர்கள். இரண்டாவது பைபிள் அம்மாவுடையது. அம்மா சேலத்துக்காரி, புராட்டஸ்டண்டு சபைக்காரர்கள் வீட்டுப் பெண். அப்பாவைக் காதலித்து வீட்டார் சம்மதம் இல்லாமல் மலையேறியவள். கல்யாணம் முடிந்த மறுமாதம் அவள் அப்பாவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. அதில் இந்தப் பைபிள் இருந்தது. கடிதம் இல்லை. அதற்கப்புறம் பத்து வருஷமாக அந்த வீட்டிலிருந்து ஆளும் வரவில்லை, தபாலும் வரவில்லை.

அந்த வருஷம் களத்தில் காவல் வேலை எனக்கு. ஆடு வந்து நியாயப்பிரமாணத்தைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொழுது போகாமல் இரண்டு பைபிளிலும் இருந்த புத்தகங்களை எண்ணினேன். அத்தையுடையதில் எழுபத்து மூன்று. அம்மாவுடையதில் அறுபத்தாறு. மறுபடி எண்ணினேன். கணக்கில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு என்பதால் காப்பிக் கொட்டை வைத்தும் எண்ணினேன். ஏழு குறைந்தது.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். அத்தை துணி காயப்போட்டுக்கொண்டே, அம்மா காதில் விழுகிற மாதிரி சொன்னார்: "தெரிஞ்சதுதானே கண்ணு. உங்கம்மா ஊட்ல குடுத்த சீரே ஒரு வேதந்தான். அதுலயும் ஏழு குறைச்சல்."

அத்தை இதை விளையாட்டாகச் சொன்னார் என்பது இப்போது தெரிகிறது. பாதி விளையாட்டாக. எனக்கு அது முழு உண்மையாகப் போய்ச் சேர்ந்தது. எங்கள் பக்கம் கல்யாணச் சீரில் ஒரு குத்துவிளக்கு குறைந்தாலே மூன்று தலைமுறைக்குப் பேச்சு நிற்காது. ஏழு வேதப் புத்தகம் குறைந்தால்? தாத்தா அவற்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பார்சல் அனுப்பியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். அதற்கு ஆதாரமும் இருந்தது. அம்மா தனியாக இருக்கும்போதெல்லாம் அந்தப் பைபிளின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். காலி டப்பாவைத் திறந்து திறந்து பார்க்கிறவர்களைப் போல. மீதி ஏழும் எப்போது வரும் என்றுதான் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

அப்பாவிடம் விசாரித்தேன். அப்பாவுக்கு உலகத்தில் எல்லாமே காப்பிதான். "பழைய காலத்துல பெரிய சாமியாருங்கெல்லாம் ஒக்காந்து, காப்பிக் கொட்டையாட்டம் பொறுக்குனாங்க கண்ணு. கறுப்பு, ஒடசல், பூச்சி அரிச்சதையெல்லாந் தள்ளிட்டு நல்லதை வெச்சுக்கிட்டாங்க" என்றார்.

அப்படியானால் அம்மாவுடையது?

அப்பா அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவுங்க இன்னொருக்கா பொறுக்குனாங்க."

அன்று ராத்திரி எனக்கு ஒரு கனவு வந்தது. பனிமூடிய களத்தில் நீளத் தாடிக்காரர்கள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு முறம். முறத்தில் குட்டிக் குட்டிப் புத்தகங்கள். புடைக்கிறார்கள், விரலால் தள்ளுகிறார்கள், ஊதுகிறார்கள். தள்ளுபடியான புத்தகங்கள் களத்தின் விளிம்பில் குவிந்து, பனியில் மெல்ல மிதந்து மலைக்குக் கீழே போகின்றன. ஒரு நாய் மட்டும் அவற்றின் பின்னால் ஓடுகிறது.

அந்த நாய் தொபியாஸ் ஆகமத்து நாய். கண் தெரியாத அப்பாவுக்காக மகன் நெடும்பயணம் போகிறான், கூடவே ஆள் வேஷத்தில் ஒரு சம்மனசும், அதாவது தேவதூதரும், போகிறது, பின்னாலேயே வீட்டு நாயும் போகிறது. அந்தக் கதையை அத்தை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அது அம்மாவின் பைபிளில் இல்லை. நாய் இல்லாத வேதத்தை வைத்துக்கொண்டு அம்மா எப்படித்தான் ஜெபிக்கிறாளோ என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு தபால் வந்தது. எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுக்கும் நாளுக்குத் தாய்மாமா வருகிறாராம். அம்மாவின் அண்ணன். பத்து வருஷத்தில் முதல் தடவை. அம்மா அந்தக் கார்டைப் படித்து, அரிசிப் பானைக்குள் வைத்து, மறுபடி எடுத்துப் படித்தாள். வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாள். காப்பி டம்ளரைச் சாம்பல் போட்டு மூன்று முறை விளக்கினாள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மாமா வந்து உட்காரும்போது அத்தை அந்த ஏழு புத்தகப் பேச்சை எடுத்தால் மாமாவுக்கு ரோஷம் வரும், அடுத்த பஸ்ஸிலேயே இறங்கிப் போய்விடுவார், அம்மா மறுபடியும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அதற்கு முன்னால் குறையைச் சரிசெய்துவிட வேண்டும்.

அத்தையின் பைபிளிலிருந்து ஏழு புத்தகத்தையும் மாற்றத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அறுக்க உட்கார்ந்தபோது யோசனை வந்துவிட்டது. மக்கபே இரண்டும் ஒரே சண்டை, தாளும் அதிகம். ஞான ஆகமத்தில் கதை இல்லை. பாரூக் எனக்குப் புரியவில்லை. சீராக்கில், பிள்ளைகளைப் பிரம்பால் கண்டிக்க வேண்டும் என்பதுபோல ஒரு இடம் இருந்தது. அதை அம்மா கையில் கொடுக்க நான் தயாராக இல்லை. கடைசியில் நாய்க்காகத் தொபியாஸையும், எதிரித் தளபதியின் தலையை ஒரு பெண் வெட்டுகிறாள் என்பதற்காக யூதித்தையும் எடுத்துக்கொண்டேன். தாடிக்காரர்கள் பல நூறு வருஷம் செய்த வேலையை நான் அரை மணி நேரத்தில் முடித்தேன்.

அம்மா திறந்து பார்க்கிற அதே கடைசிப் பக்கத்தில் ஒட்டுவதுதான் முறை. அந்தப் பக்கம் ஏறக்குறைய வெற்றுத் தாள். மேலே மட்டும் மூன்று வரி பேனாவில் எழுதியிருந்தது. அம்மாவின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள். தாத்தாவின் எழுத்து. அம்மா பிறந்துவிட்டாள் என்பதற்கு அம்மாவே சாட்சியாக இருக்கும்போது அந்த மூன்று வரியால் என்ன பயன்? தாள் முழுக்கப் பசை தடவி, அதன்மேல் தொபியாஸின் முதல் தாளை அழுத்தி ஒட்டினேன். பிடிமானம் வேண்டுமே. மற்ற தாள்களை ஓரத்தில் ஒட்டி, கடைசியில் யூதித்தைச் சேர்த்து, மேலே அம்மிக்குழவியை வைத்தேன்.

மாமா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் தட்டுச்சீர், எனக்கு வெள்ளைக் கவுன். கோயிலில் கடைசி பெஞ்சில், முழங்கால் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்த மாதிரி நின்றார். சாப்பாட்டில் அத்தையே அவருக்குப் பரிமாறினார். யாரும் அந்த ஏழு புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. என் உழைப்பு வீண் என்று தோன்ற ஆரம்பித்தது. கை கழுவிவிட்டு வந்த மாமா, அம்மாவிடம் பைபிளை எடுத்துவரச் சொன்னார். பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார்.

"அப்பாவுக்குக் கை நடுங்குதாம்" என்றார் யாரையும் பார்க்காமல். "உங்க கல்யாணத்தையும் புள்ள பேரையும் என்னைய எழுதியாரச் சொல்லிப் பேனா குடுத்துவுட்டாரு."

அவர்கள் வீட்டில் அது வழக்கம். பிறப்பும் கல்யாணமும் சாவும் குடும்பத்து வேதத்தின் கடைசிப் பக்கத்தில் ஏற வேண்டும். அதில் ஏறாதது நடக்காத மாதிரி. அம்மா பைபிளை இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா பின்பக்கம் திறந்தார்.

சன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து, இதென்ன என்பதுபோல் நின்றது.

"இது எங்க வேதத்துல இல்லீங்களே" என்றார் மாமா.

அத்தை எட்டிப் பார்த்தார். காகிதத்தை அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து போய்த் தன் பைபிளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "எங்க வேதத்துலயும் இப்ப இல்லீங்க" என்றார்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நர்ஸ் என்பதால் அத்தைதான் சிகிச்சையில் இறங்கினார். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியில் அந்தப் பக்கத்தைக் காட்டி, ஆஸ்பத்திரி இடுக்கியால் மூலையைத் தூக்கினார். மாமா பைபிளைப் பிடித்துக்கொண்டார். எந்த வேதம் முழுசு என்று பத்து வருஷமாக இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் அன்று ஒரு கெட்டிலுக்கு இரண்டு பக்கமும் தலையை முட்டிக்கொண்டு நின்றன. கொஞ்சம் பிரிந்தது. உள்ளே தாத்தாவின் எழுத்து தெரிந்தது. நீல மை கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"போதும் அண்ணி, உட்ருங்க. எழுத்து கரையுது" என்றாள் அம்மா.

அத்தை உடனே கையை எடுத்துத் தாளை அப்படியே அழுத்தி மூடினார். மாமா பேனாவைத் திறந்தபடி நின்றார். அந்தப் பைபிளில் வேறு வெற்றுப் பக்கம் கிடையாது. கீழே போகிற பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அப்பா தன் செக்ரோலிலிருந்து ஒரு தாள் கிழித்துத் தரட்டுமா என்று கேட்டார். அம்மா பக்கங்களைத் தள்ளினாள். தொபியாஸ் முடிகிற இடத்தில் அரைப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"இங்க எழுதுங்கண்ணா."

மாமா தயங்கினார். "சபையில ஒத்துக்காத புஸ்தகமாச்சே, கண்ணு."

"நானும் அப்படித்தானேண்ணா இருந்தேன்."

மாமா உட்கார்ந்தார். மெதுவாக, ஆபீஸ் எழுத்தில், அப்பா அம்மா பெயர், கல்யாண நாள், என் பெயர், நான் பிறந்த நாள் என்று எழுதினார். அத்தை மை ஒற்றும் தாள் கொண்டுவந்தார். அம்மா அழுதாள். என் பசைவேலை பிடித்துப்போய்த்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் கவுனைச் சரிசெய்தபடி பாராட்டுக்குக் காத்திருந்தேன். அன்றைக்கு யாரும் என்னை அடிக்காதது அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தியது. நடுங்குவதாகச் சொல்லப்பட்ட தாத்தாவின் கை அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் கோணாமல் கடிதம் எழுதியது. அந்தப் பேனா அவருடைய சொந்தப் பேனா என்பதும், அதை அவர் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை என்பதும் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். தாடிக்காரர்கள் ஒரே நாளில் களத்தில் உட்கார்ந்து எதையும் பொறுக்கவில்லை. எங்கெங்கோ கூடியவர்கள் தங்களுக்கு வந்த கடிதத்தை, கதையைச் சத்தமாகப் படித்தார்கள், கிழிந்தபோது படியெடுத்தார்கள், அடுத்த ஊருக்குக் கொடுத்தார்கள். எதைக் கைவிட மனசு வரவில்லையோ அது மிஞ்சியது. பட்டியல் எல்லாம் பிறகுதான் வந்தது. பழைய கிரேக்கத் தொகுப்பில் இருந்து, எபிரேயத் தொகுப்பில் இல்லாமல் போனவைதான் அந்த ஏழு. அவற்றில் தொபியாஸின் துண்டுகள் பாலைவனக் குகையில் இரண்டாயிரம் வருஷம் கிடந்து கிடைத்தனவாம். வறண்ட ஊர், பிழைத்தது. எங்கள் ஊர்க் குகையில் வைத்திருந்தால் ஒரு ஐப்பசி தாண்டியிருக்காது.

இப்போது சேலத்தில் எங்களோடு இருக்கும் அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. போன மாதம் நான்காவது கல்லூரிக்குப் பேச்சு தயாரித்தபோது, அறுபத்தெட்டு புத்தகம் உள்ள பைபிள் உலகத்திலேயே நம் வீட்டில் மட்டும்தான் இருக்கும், அதைக் காப்பாற்றிக் கொடுத்தவள் நான் என்று அவரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அத்தை மாத்திரையை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "அதெல்லாஞ் செரி கண்ணு. நாப்பது வருசமா அதை உங்கம்மாகிட்டக் கேட்டு வாங்கி, பாதியில திருப்பிப் புடிச்சுல்ல படிச்சுக்கிட்டிருக்கறேன். யூதித்தைத் தலகீழா ஒட்டி வெச்சிருக்கறே."