ஹட்டனில் பார்த்த ராக்கெட்

என் ஒரே மகள் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறாள். எடையில்லாத விண்வெளியில் ரத்த அணுக்கள் அடியில் படியாதாம்; அங்கே அவற்றை மின்சாரத்தால் வகை பிரிக்கும் அவளுடைய கருவி அன்று ராக்கெட்டில் போகவிருந்தது.

இலங்கை மலையகத்தில், நோர்வூட் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் எங்களுக்குச் சிக்னல் போதாது. பக்கத்து ஊரான ஹட்டனுக்குப் போய், பஸ் நிலையத்தில் தனியாக உட்கார்ந்து போனில் நேரலை பார்த்தேன். ராக்கெட் கிளம்பும் சமயத்தில் டேட்டா தீர்ந்துவிட்டது. அழுகை வந்துவிட்டது.

பக்கத்திலிருந்த சிங்களப் பெண் விசாரித்தார். சொன்னதும் தன் போனில் அந்த நேரலையைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தார். ராக்கெட் மறையும்வரை என் தோளைப் பிடித்திருந்தார். அதற்குள் அவருடைய பஸ் போய்விட்டது.

"பரவாயில்ல அக்கா, அடுத்த பஸ் வரும்" என்று சிரித்தார்.

இரவு மகள் கூப்பிட்டாள். "தனியாவா பாத்தீங்கம்மா?"

"இல்லம்மா, கூட ஒருத்தங்க இருந்தாங்க."

போனை வைத்த பிறகுதான், அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது உறைத்தது. இப்போதும் ஹட்டனில் இறங்கினால் அந்த முகத்தைத் தேடுகிறேன்.