அரிசி கழுவிய தண்ணீர் என்று எழுதச் சொன்னவர்

முருகேசன் மாமா இறந்த செய்தி வியாழக்கிழமை மதியம், நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது வந்தது. அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பில், தூக்கத்திலேயே மாரடைப்பு. அப்பா போனை வைத்துவிட்டு அழுதார். பிறகு எழுந்து குளியலறைக்குப் போய், நீல டிரம்மில் இருந்ததை வடிகாலில் ஊற்றினார். அழுதுகொண்டேதான் ஊற்றினார்.

தம்மாமில் மாமாவுடன் பழகியவர்களுக்கு அந்த டிரம்மைத் தெரியும். மதுவுக்குத் தடை உள்ள சவூதியில் அது வெளியே தெரிந்தால் வேலையும் போகும், ஜெயிலும் உண்டு. போலீஸ் அவர் ரூமைப் பார்த்தார்களாம். அவர் போனில் கடைசியாக இருந்தது அப்பாவின் நம்பர். டிரம்மில் என்ன போட்டார்கள், எப்படி வந்தது என்று நான் குறித்துவைத்த என் கெமிஸ்ட்ரி நோட்டைக் கிழித்துவிடச் சொன்னார் அப்பா. எல்லாரும் தூங்கிய பிறகு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அந்த நோட்டு வேலையை எனக்குக் கொடுத்ததே மாமாதான். "குடிச்சவன் எழுதுனா எல்லாமே நல்லாருக்குன்னுதான் எழுதுவான். பாப்பா எழுதட்டும். அதுக்குப் பேனா மட்டுந்தான், கிளாஸ் கிடையாது" என்றார்.

கடையில் விற்கும் போதையில்லாத மால்ட் பானத்தில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுத்தான் பீர் செய்வார்கள். முதல் தடவை மாமா ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, வாய்க்குள் உருட்டினார். "கேஸ் இருக்கு. கனம் மாஃபி, இல்லவே இல்ல. நாக்குல நிக்காம ஓடுது."

"பரவால்ல முருகேசா, குடிக்கலாம்" என்றார் அப்பா. நான் 'பரவாயில்லை' என்று எழுதப் போனேன்.

"பொய் எழுதாத பாப்பா. அரிசி கழுவுன தண்ணின்னே எழுது."

அடுத்த தடவை பாகு மாதிரி பிசுபிசுத்தது. இருவரும் தலையைச் சொறிந்தார்கள். நான் நோட்டைத் திருப்பினேன். சர்க்கரையைக் குறைத்திருந்தார்கள், ஈஸ்ட்டை மாற்றியிருந்தார்கள், டிரம்மை ஏசி ரூமுக்கு நகர்த்தியிருந்தார்கள்.

"மாமா, மூணையும் ஒரே நேரத்துல மாத்திட்டீங்க. எதுனாலன்னு எப்படித் தெரியும்?"

"வந்துட்டா பெரிய மனுஷி" என்றார் அப்பா. மாமாவோ என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு முருகேசனுதுன்னு பேர் போட்டு எழுது."

மூன்றாவது தடவை பழைய ஈஸ்ட், பழைய இடம். சர்க்கரை மட்டும் குறைவு. மாமா ஒரு வாய் எடுத்துவிட்டு, பொறு என்பதுபோல் ஒரு விரலை உயர்த்தினார். நெடுநேரம் கழித்து, "நிக்குது" என்றார். அந்த ஒரு சொல்லைத்தான் எழுதினேன்.

நோட்டைக் கிழித்து வாளியில் ஊறவைத்துவிட்டேன். அவர் பெயர் இருந்த பக்கத்தைத்தான் முதலில் கிழித்தேன். இந்தத் தாளை மட்டும் ஒளித்துவைத்து, லீவுக்கு ஊருக்குக் கொண்டுபோவேன். அவரை அறிந்தவர்கள் அங்கே படிக்கட்டும்.

நாளை யாராவது கேட்டால், "மாமா சாப்பிட வருவார், அவ்வளவுதான்" என்று சொல்ல வேண்டுமாம். அப்பாவுக்காகச் சொல்வேன். வாயால் பொய் சொல்லிவிடுவேன். எழுத மட்டும் மாட்டேன். மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.