யாருக்குப் பெரிய மணி

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் கோபுரத்திலிருந்து இரண்டு கயிறுகள் தொங்கும். தடித்த கயிறு பெரிய மணிக்கு. அதை இழுக்க உடம்பின் பாரம் முழுவதையும் கொடுக்க வேண்டும். மெலிந்தது சின்ன மணிக்கு. இரண்டையும் முப்பது வருடம் இழுத்தவர் என் தாய்மாமா. கோயில்பிள்ளை என்றுதான் ஊரே அவரை அழைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போன என்னைப் போன்ற பெண்கள் அவருடைய காலை மணியைக் கேட்டுத்தான் சோற்று டப்பாவை மூடுவோம். கடைத்தெருவில் பஞ்சாயத்து கட்டிய மணிக்கூண்டு ஒன்றும் உண்டு. அது பாட்டுக்கு மணிக்கொரு தரம் அடித்துக்கொண்டிருக்கும். ஓசை மட்டும் பெரிய மணியைப் போலவே கனமாக இருக்கும்.

பங்கில் யாராவது இறந்தால், சவப்பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பிக் கோயில் வாசலை அடையும்வரை துக்க மணி அடிப்பார்கள். கோயிலைச் சுற்றியிருந்த தெருக்காரர்களுக்குப் பெரிய மணி. ஏரியோரம் இருந்த எங்கள் தெருவுக்குச் சின்ன மணி. ஏன் என்று கேட்டால் சாதி என்று ஒருவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். 'வழக்கம்' என்பார்கள். எத்தனை மரியாதையான சொல்! குளித்து, வெள்ளை உடுத்தி, நற்கருணை வாங்கிவிட்டு வந்துகூடக் கூசாமல் சொல்லலாம். இன்றைக்கும் அந்தச் சொல் காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் கடைசியில் மாமா நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையானார். யாரிடமும் எதுவும் கேட்டறியாத மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "நான் போனா பெர்ச அடிக்கச் சொல்லு பாப்பா. அத்த இழுத்து இழுத்துத்தான் என் தோளே எறங்கிப் போச்சு. எனக்குன்னு ஒரு தபா அடிக்கட்டும்."

பங்குப் பேரவைத் தலைவர் வீட்டுக்குப் போனேன். "உங்க மாமா தங்கமான மனுசன்மா. யாரு இல்லேன்னா? ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. நாளைக்கு உங்க தெருவுல எல்லாரும் கேப்பாங்க" என்றார். கேட்கட்டுமே என்றேன். வயசுப் பெண்ணுக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று சிரித்தார். சாமியாரிடம் போனேன். பேரவை முடிவுக்குக் குறுக்கே நிற்க அவரால் முடியாதாம். முப்பது வருடம் இவர்கள் வீட்டுச் சாவுக்கெல்லாம் தோள் இறங்க இழுத்த மனிதருக்கு அரை மணி நேரம் ஒரு கயிற்றை இழுக்க இவர்களுக்கு மனம் வரவில்லை. மாமாவிடம், "சரின்னு சொல்லிட்டாங்க மாமா" என்று பொய் சொன்னேன். நான்காம் நாள் போய்விட்டார்.

சின்ன மணிதான் அடித்தது. நண்பகல் நெருங்கும் வேளை. மாமாவின் மனைவி, என் அத்தை, பெட்டிக்குப் பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். மணிக்கூண்டு பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது. அத்தை சட்டென்று நின்றாள். "அடிக்கிறாங்க! எங்க ஊட்டுக்காரருக்குப் பெரிய மணி அடிக்கிறாங்க!" என்று கத்தினாள். ஊர்வலமே நின்றுவிட்டது. அவளைத் திருத்த ஒருவருக்கும் வாய் வரவில்லை. கோயில் வாசலில் சாமியாரின் கையைப் பிடித்து, "நல்லாருப்பீங்க சாமி, பெரிய மணி அடிச்சீங்களே" என்று அழுதாள். சாமியார், ஊர்வலத்தோடு வந்திருந்த தலைவரைப் பார்த்தார். தலைவர் தன் செருப்பைப் பார்த்தார்.

அதன் பிறகு அத்தை அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள், ரேஷன் கடை வரிசையில் சொன்னாள், கரையான்சாவடி போகும் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். செய்யாத தர்மத்துக்கு அந்தப் பாவிகளைப் புகழ்கிறாளே என்று. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் எப்படிச் சொல்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து சாமியார் மாறினார். புதியவர் வந்த மாதமே எங்கள் தெருவில் கடைசல் பட்டறைக்காரர் ஒருவர் இறந்தார். அத்தை தெருவையே திரட்டிக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போனாள். நானும் போனேன். தலைவரும் அங்கே உட்கார்ந்திருந்தார். "இன்னா சாமி, இன்னும் பெரிய மணி அடிக்கல? எங்க தெருவுக்கு அதான வழக்கம்" என்றாள் அத்தை. "எங்க ஊட்டுக்காரருக்கு அடிச்சாங்க, ஊரே கேட்டுது. தோ குந்தினு கீறாரே தலைவரு, அன்னிக்குக் கூடவே நடந்து வந்தாரு. கேளுங்க."

தலைவருக்கு முகம் வெளுத்தது. அடிக்கவில்லை என்று சொன்னால், ஏன் அடிக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். புதிய சாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தலைவர், "ஆமா, வழக்கம்தான்" என்றார். அன்றைக்குப் பெரிய மணி அடித்தது. அதன் பிறகு எங்கள் தெருவுக்குச் சின்ன மணி அடிக்கவே இல்லை.

இப்போது கோயிலுக்கு ஆண்டு விழா, விழா மலர் என்று புத்தகம் போடுகிறார்கள். அந்தத் தலைவரின் பரந்த மனத்தால்தான் பங்கில் வேற்றுமை ஒழிந்தது என்று முழுப் பக்கம், படத்தோடு. மாமாவைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். மணி விஷயத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், பழைய கதையைக் கிளறுவது நம் வழக்கமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே சொல்! எடுக்க மாட்டேன். அவர்கள் போடாவிட்டால் போகட்டும், இதோ இங்கே எழுதுகிறேன்.

பட்டறைக்காரரை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம், இனியும் பொறுக்க முடியாமல் அத்தையிடம் சொல்லிவிட்டேன். "அத்தை, மாமாவுக்கு அன்னிக்கு அடிச்சது மணிக்கூண்டு."

அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"பன்னெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதவளாடீ நானு?" என்றாள். தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாருக்கும் அடிப்பாங்க இனிமே. அவருக்குத்தான் அடிக்கவே இல்ல."