உறுமல் பெடலும் உப்புக் காற்றும்

கிதார் வாசிப்பதை ஒரு வேலை என்று எந்தப் பெண் வீட்டாரும் ஒப்புக்கொண்டதில்லை. மெட்டல் கிதார் என்றால் அது ஒரு வியாதி என்றே முடிவு கட்டிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டத் தட்ட வாசித்துப் பழகிய சக நோயாளிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் இசை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கிதார் உறுமும், டிரம்ஸ் இடிக்கும், ஒரு பாட்டு கால் மணி நேரம் போகும், அதற்குள் தாளம் நாலு, ஐந்து, ஏழு என்று மாறிக்கொண்டே இருக்கும். இருபது வருடம் சென்னையில் அப்படி வாசித்து, வேகக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். 2004-இல் எங்கள் குழு கலைந்தது. அதே வருடம் பள்ளி ஆசிரியையான என் மனைவிக்கு மரக்காணத்துக்கு மாற்றல் வந்தது. பெட்டி படுக்கையோடு கிதாரும் நானும் வந்து சேர்ந்தோம்.

சேமியா

வந்த முதல் மாதமே கம்பிகள் துருப்பிடித்தன. அதிலும் மெல்லிய கம்பி, வேகத்துக்கு அதுதான் உயிர், புதிதாகப் போட்ட ஒரே வாரத்தில் பட்டென்று அறுந்து என் கன்னத்தில் கோடு போட்டது. புதுக் கம்பிக்குச் சென்னைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். துணியில் சுற்றினேன், எண்ணெய் தடவினேன், பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எதற்கும் காற்று மசியவில்லை. வேறு வழியின்றித் தடிமனான கம்பிகளுக்கு இறங்கி வந்தேன். அங்கே விரல் பறக்காது, நடக்கத்தான் செய்யும்.

பக்கத்து வீட்டு ராமலிங்கம் உப்பளம் வைத்திருப்பவர். அறுந்த கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இரும்பு கேட்டையே தின்னுடுது சார் இந்தக் காத்து. உங்க கம்பி இன்னாங்க, அதுக்கு சேமியா!"

ஒரு கால் குறையுது

வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாணக் கச்சேரிகளுக்குப் போக ஆரம்பித்தேன். வானூரில் ஒரு ரிசப்ஷன். எல்லோருக்கும் தெரிந்த குத்துப்பாட்டுதான். பழக்க தோஷம், இடையில் நான் ஏழு எண்ணிக்கைக்குத் தாவிவிட்டேன். மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா ஒரு காலைத் தூக்கியபடி அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

அன்றிலிருந்து அடி நேராக நாலாகவே போகும். அதற்கு மேலே என் விரல் மட்டும் ரகசியமாக ஏழு ஏழாக நடந்து, கடைசியில் வந்து சேர்ந்துகொள்ளும். யாரும் விழவில்லை. இந்த மாற்றத்துக்குக் காரணமான தாய்மாமா, அன்று பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது இதுதான்: "ஏம்பா, பாட்டு நல்லாத்தான் இருக்குது. ஒரு கால் மட்டும் எங்கியோ குறையுது."

உறுமல்

சுனாமிக்குப் பிறகு, 2005-இல், மாதா கோயில் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கக் கூப்பிட்டார்கள். குழுவை நடத்துபவர் ஸ்டெல்லா அக்கா, மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவர். முதல் நாள் ஒத்திகையில் சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று கிதாரை உறுமவைக்கும் கால்பெட்டியான உறுமல் பெடலை மிதித்துத் தடிமனான கம்பியை ஒரு இழுப்பு இழுத்தேன். தரை அதிர்ந்தது. பாட வந்த பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். சிரித்துக்கொண்டு இல்லை. செருப்பைக்கூட விட்டுவிட்டு, கடலுக்கு எதிர்ப்பக்கமாக, ரோட்டை நோக்கி ஓடினார்கள். ஸ்டெல்லா அக்காவின் மகள் ஜெனிபர்தான் முன்னால் ஓடினாள்.

நானும் பின்னால் ஓடினேன். அவர்களைத் தேடி அழைத்து வந்த பிறகு, அக்கா கோபப்படாமல் சொன்னார்: "மத்தது எல்லாம் வாசிங்க சார். அந்த உறுமல் மட்டும் வேணாங்க. கடல் வர்ற சத்தம் அது."

தியானம்

பெடல் பீரோவுக்குப் போனது. உறுமல் என்பது பாதித் தவறுகளை மூடிவிடும் போர்வை என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. போர்வையை எடுத்தால் ஒவ்வொரு சுரமும் குளிரில் நிற்கிறது. ஆகவே சுரங்களைக் குறைத்தேன், ஒன்று அடங்கிய பிறகே அடுத்ததைத் தொட்டேன்.

ஆரோவில் பக்கம் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசில் என் பழைய மெட்டல் பாட்டையே இப்படி வாசித்தேன். வெளிநாட்டு விருந்தாளிகள் வரிசையாகச் சம்மணமிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஓனர் என் காதோரம் வந்து, "அண்ணே, போன வருஷம் நீங்க உறுமலோட வாசிச்ச இதே பாட்டுக்குத்தான் தெருவே தெரண்டு சண்டைக்கு வந்துச்சு," என்றார்.

பாஸ்கர் வந்தான்

2006-இல் எங்கள் பழைய டிரம்மர் பாஸ்கர் குழுவை மறுபடி கூட்டினான். கேட்டதும் துள்ளினேன். சென்னையில் ஒத்திகை. பெடல் காலடியில் இருக்கிறது, மிதிக்க வேண்டிய இடமும் வந்துவிட்டது, கால் எழவில்லை. அங்கே கடலும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஆனாலும் அந்தச் செருப்புகள்தான் கண்ணில் நின்றன. மூன்று முறை முயன்றும் இதே கதை. வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

பாஸ்கர் குச்சிகளைக் கீழே வைத்தான்: "டேய், உறுமாத ஆள வச்சிக்கினு நான் இன்னா மெட்டல்டா வாசிக்கறது? உங்க ஊரு திருவிழா முடிச்சிட்டு வா, பாக்கலாம். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

சத்தப் பொட்டி

மரக்காணத்தில் மாதா கோயில் திருவிழாக் கச்சேரிக்கு மேடையில் சாமான்களைப் பரப்பிக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்த பை அப்படியே இருந்தது. அதிலிருந்து ஜெனிபர் பெடலை எடுத்துவிட்டாள். "மாமா, இதுதான அந்த சத்தப் பொட்டி?" பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். நான் பிடுங்கப் போனேன். ஸ்டெல்லா அக்கா என் கையைத் தடுத்து, "அதுங்களே கேக்குதுங்க சார், வைங்க," என்றார்.

ஜெனிபர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மிதித்தேன். வேகம் காட்டவில்லை; தடிமனான கம்பியில் ஒரே ஒரு சுரம், அடங்கும் வரை விட்டுவிட்டேன். மேடைப் பலகை அதிர்ந்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தரும் ஓடவில்லை. எனக்குத்தான் கண் கலங்கி எதிரில் யார் நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஜெனிபர் அம்மாவின் கையை விட்டுவிட்டு மேடையை ஒட்டி வந்தாள்:

"அவ்ளோதானா மாமா? இன்னும் சத்தமா வைங்க!"

திருவிழா முடிந்து சென்னைக்குப் போய் மிதித்துக் காட்டினேன், பாஸ்கர் என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டான். இருபது வருடம் வேகத்துக்குப் பேர் வாங்கிய நான், இப்போது ஒரே சுரத்தை நீட்டி நீட்டி வாசித்துக் காசு வாங்குகிறேன், அந்தக் காசையும் கம்பி வாங்கவே தந்துகொண்டிருக்கிறேன்.