கோடு குட்டையாக இருக்கும் நேரம்

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வருவது அபூர்வம். அதனால் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இன்னொரு முறை சொல்ல மாட்டேன்.

என் அண்ணிக்குச் செருப்புக் கடையில் வேலை. நாள் முழுக்க முக்காலியில் குனிந்து உட்கார்ந்து, ஊரார் காலைப் பிடித்துக் கட்டைவிரல் முட்டுகிறதா என்று அமுக்கிப் பார்க்க வேண்டும். புதுச் செருப்பு வாங்குகிறவர்களுக்கெல்லாம் ஒரே உபதேசம். "ரெண்டு நாள் வீட்டுக்குள்ளயே போட்டு நடங்க. அப்புறம் தெருமுனை வரைக்கும். எடுத்த எடுப்புலயே ரொம்ப தூரம் போனா கடிச்சிடும்." கேட்டுக் கேட்டு எனக்கே காது புளித்துவிட்டது.

என் அண்ணன் பேருந்து நடத்துனர். எள் விழ இடமில்லாத வண்டியிலும் முன்படிக்கும் பின்படிக்கும் நழுவி நழுவிப் போய்வருவார். அப்படிப்பட்டவர் ஒரு மாலை ரயில் நிலையப் படிக்கட்டில் நெரிசலில் மாட்டிக்கொண்டார். மேலே ஒருவர் சறுக்க, எல்லோரும் வரிசையாகச் சரிந்தார்கள். அண்ணன் அடியில் கிடந்தார். பக்கத்தில் விழுந்தவர் எழுந்திருக்கவேயில்லை. அண்ணனுக்கு விலா எலும்பு கூடிவிட்டது, மனசுதான் கூடவில்லை. நாலு பேர் சேர்ந்து நின்றாலே வியர்த்துக் கொட்டும், மூச்சு முட்டும். மருத்துவர் சொன்ன மூச்சுப் பயிற்சியெல்லாம் ஒழுங்காகச் செய்தார், ஆனால் வாசலைத் தாண்டவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவர்தான், வருஷம் ஓடிவிட்டது. அந்த நெரிசலில் நசுங்கிப்போன போனுக்குப் பதிலாக மகள் வாங்கித் தந்த புதுப் போனும் அவரோடு வீட்டிலேயே கிடந்தது.

அந்த மகளுக்குப் பட்டமளிப்பு விழா வர இருந்தது. பெரிய அரங்கம், ஆயிரக்கணக்கில் ஆட்கள். அப்பா வராவிட்டால் தானும் போகப்போவதில்லை, பட்டத்தைத் தபாலில் அனுப்பச் சொல்லிவிடுவேன் என்று அவள் அறிவித்துவிட்டாள். அன்றிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. மகளை மேடையில் பார்க்காவிட்டால் இந்த உயிர் இருந்தென்ன என்று என்னிடம் ஒருமுறை சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் சொல்லிப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம். நான் சண்டைகூடப் போட்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

அண்ணி பாட்டுக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், கூட வேலை செய்கிற பெண் போனில் வரைபடத்தைத் திறந்து, தங்கள் கடைக்கு எந்த நேரத்தில் எவ்வளவு கூட்டம் என்று காட்டியிருக்கிறாள். மணிக்கு ஒரு கோடு. கூட்டம் என்றால் நெட்டையாக, காலி என்றால் குட்டையாக. இது எப்படிப் போனுக்குத் தெரியும் என்று அண்ணி அன்று மாலை மகளைக் கேட்டாள். கடைக்கு வருகிறவர்கள் பையில் இருக்கிற போன்கள் தாங்கள் இருக்கிற இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். யார் எவர் என்று காட்டாமல், இத்தனை மணிக்கு இவ்வளவு கூட்டம் என்று மட்டும் சேர்த்துக் கோடாக்கிவிடுவார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாம் போகிற வருகிற இடத்தையெல்லாம் எவனோ உட்கார்ந்து வேவு பார்ப்பதா என்று குதித்தேன். அண்ணி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"பாத்தா பாத்துட்டுப் போகட்டும். உங்க அண்ணனுக்கு முடி வெட்டணும்."

அண்ணன் முடி அப்போது தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இருப்பதிலேயே குட்டையான கோடாகப் பார்த்து, அதை அண்ணனுக்கும் காட்டி, முடிதிருத்தும் கடைக்குக் கூட்டிப்போனாள். உள்ளே கடைக்காரரைத் தவிர ஆள் இல்லை. வெளியே வந்த அண்ணனுக்குப் பத்து வயது குறைந்திருந்தது. அடுத்த வாரம் மருந்துக் கடை. அப்புறம் பூங்கா. அதற்காகக் கடையில் தன் சாப்பாட்டு நேரத்தை மற்றவர்களோடு மாற்றிக்கொண்டாள், முதலாளியிடம் பேச்சு வாங்கினாள். வீட்டில் மூச்சு விடவில்லை.

அவள் போனை ஒருநாள் எட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இப்போதெல்லாம் அவள் குட்டைக் கோட்டைத் தேடுவதில்லை. போன வாரத்தைவிட ஒரு நகக்கண் அளவு உயரமான கோட்டைத் தேடுகிறாள். அண்ணனிடம் மட்டும் எப்போதும் ஒரே பாட்டு. "காலியாத்தாங்க இருக்கும், வாங்க." வீட்டுக்குள், தெருமுனை வரை, அப்புறம் கொஞ்சம் தள்ளி. அதே செருப்பு உபதேசம்தான். அண்ணனிடம் சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மீன் காட்சியகம் போனோம், நானும் ஒட்டிக்கொண்டேன். போனில் கோடு சுமாரான உயரம். உள்ளே நுழைந்தால் சீருடைப் பட்டாளம்! ஏதோ பள்ளிக்கூடச் சுற்றுலா. கத்தலும் கூச்சலும் கூரையைப் பிய்க்கிறது. அண்ணி முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ, சின்னப் பிள்ளைங்ககிட்ட ஏது போன்" என்றாள் என்னிடம்.

நாலைந்து ஆசிரியர்களின் போன்தான் கோட்டில் விழுந்திருக்கிறது. அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சட்டை நனைந்துவிட்டது. இத்தனை மாத உழைப்பும் இன்றோடு போச்சு என்றே நினைத்தேன். அண்ணி அவர் கையைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தாள். அதற்குள் சுறாத் தொட்டிக்குப் போகிற குறுகிய வழியில் பிள்ளைகள் அடைத்துக்கொண்டார்கள். பின்னால் நிற்கிறவர்கள் தள்ள, முன்னால் ஒரு குட்டிப் பெண் அழத் தொடங்கினாள். அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"வழியில நிக்காதீங்க. உள்ள எடம் இருக்கு, உள்ள போங்க. பின்னாடி தள்ளாதீங்க!"

வண்டிக் குரல். ஒரு வருஷத்துக்கு மேல் கேட்காத குரல். பிள்ளைகள் மந்திரம் போட்டதுபோல் நகர்ந்தார்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை அங்கேயே நின்று, இடுப்பு உயரக் கூட்டத்தைக் கையசைத்து அனுப்பிவைத்தார். நனைந்த சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அனுப்பினார். அண்ணி தொட்டிக் கண்ணாடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். மீன் பார்க்கிறாளாம்.

விழா நாள் காலை. மகள் முன்னாலேயே போய்விட்டாள். அண்ணி புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே, "ரொம்பக் கூட்டமெல்லாம் இருக்காதுங்க" என்று ஆரம்பித்தாள். அண்ணன் தன் போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். அரங்கத்துக்கு நேரே கோடு சிவப்பாக, உச்சி வரை நின்றது.

"பூங்காவுக்குப் போனப்பவே தெரியும்" என்றார். "என்கிட்டயும் போன் இருக்குல்ல. ஒவ்வொரு வாரமும் நீ கூட்டிட்டுப் போனப்புறம் வீட்டுக்கு வந்து பாப்பேன். கோடு ஏறிக்கிட்டே இருக்கும். நீ இவ்வளவு பாடுபடற, தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேண்டாம்னு இருந்தேன்."

அண்ணியின் கையிலிருந்து புடவை மடிப்பு நழுவியது. அவருக்கு மூச்சு சற்று வேகமாகத்தான் வாங்கியது, நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. சட்டைப் பையில் போனைப் போட்டுக்கொண்டார். வெளியே போகும்போது அதை எடுத்துப்போவது அன்றுதான் முதல் முறை.

"வா, போலாம். அந்தக் கோட்டுல நாமளும் இருக்கணும்."