உப்புக் காற்று தின்ற பாய்லர்

ஈரச் சவுக்குக் கட்டையின் புகை கண்ணைக் கரிக்க, செம்பு பாய்லரின் கட்டை எரியும் நடுக்குழாயிலிருந்து சொட்டும் நீர் தணலில் விழுந்து ‘சுர்’ரென்னும். எழுபதுகளில், செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் காலை அந்தச் சத்தத்தோடும், அதைத் தொடர்ந்து வரும் அத்தையின் குரலோடும்தான் விடியும்.

பாய்லர் அம்மாவின் சீர்; கடலோரத்துச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்தது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; எங்களோடு இருந்த அவருடைய அக்காளான அத்தைக்கு அது ஒன்றே போதும். “உப்புக் காத்து தின்ன செம்ப நம்ம தலையில கட்டிட்டாங்க. ஒழுவிகினே கீது பாரு” என்பார். அம்மா தலை குனிந்தபடி அடுப்படிக்குள் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாய்லருக்குக் கட்டை போடுவது பத்து வயதில் என் வேலை. கிணற்று நீர் ஊற்றிப் பற்றவைத்த புதிதில்தான் சொட்டும், நீர் சூடேறியதும் நின்றுவிடும், பற்றவைக்காமல் நிறைத்து வைத்தால் அடியிலிருக்கும் சாம்பல் நனையவே நனையாது. ஓட்டைக்கு நேரம் காலம் தெரியுமா? அத்தாவிடம் சொன்னேன். “பெரியவங்க பேசறப்ப இன்னா வாயி?” என்றார்.

ஈயம் பற்றவைப்பவர் வந்தார். நீரை நிறைத்துத் தேடிப் பார்த்து, ஓட்டையே இல்லை என்றார். அதோடு விட்டிருக்கலாம், அத்தை விடவில்லை. ஈயக்காரர் குழாயைச் சுரண்டி, தட்டி, ஈயம் வைத்தார், மறுநாளும் சொட்டியது. மூன்றாம் முறை தட்டியதில் செம்பே விரிந்து, நீர் நிஜமாகவே கொட்டியது. “நான் அப்பவே சொல்லல?” என்றார் அத்தை, வெற்றி பெற்றவர்போல. பாய்லர் பழைய பாத்திரக்காரரிடம் போய், பதிலுக்கு ஓர் அலுமினிய அண்டா வந்தது.

விறகு எரியும்போது நீராவியும் பிறக்கும், அது குளிர்ந்த உலோகத்தில் பட்டால் நீராகும் என்று பள்ளியில் படித்த அன்று புத்தகத்தை வீசியெறிந்தேன். சொட்டியது பாய்லரின் நீரே அல்ல, புகையின் நீர்! யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது அம்மாவோடு ஊரப்பாக்கத்தில் குடியிருக்கிறோம். வெளிச்சுவரில் கேஸ் கீசர். போன மார்கழியில் அது சொட்ட, வந்த மெக்கானிக் “லீக்குமா, மாத்திடணும்” என்றான். கீசரை ஓடவிட்டு, அவனைப் பத்து நிமிடம் நிற்கச் சொன்னேன், சொட்டுவது நின்றது. இத்தனை வருட ஆத்திரத்தோடு அம்மாவிடம் அனைத்தையும் விளக்கினேன்.

“தெரியுமே. எங்க வூட்லயும் ஈரக் கட்ட போட்டா சொட்டும்” என்றார்.

“அன்னிக்கே சொல்லக் கூடாதாம்மா?”

“மூணு வாட்டி சொன்னேன். பொறந்த வூட்டுப் பொருளுக்குப் பரிஞ்சிகினு வரேன்னாங்க. வுட்டுட்டேன்.”

பாய்லர் இல்லை, அத்தா இல்லை, சண்டை போட அத்தையும் இல்லை. வீடு முழுக்கக் கேள்வி கேட்டுத் திரிந்த நானும், அந்தப் பத்து வயதில் அம்மாவிடம் மட்டும் ‘ஏன் சொட்டுது’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.