படகின் முன்னிருக்கை

தேயிலை ரோலரைப் பழுது பார்க்கிறவனுக்கும் வேகப்படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்துத் துரை கேட்கவில்லை. இஞ்சின் என்றால் இஞ்சின்தான், பிட்டர் என்றால் பிட்டர்தான் என்பது அவர் கணக்கு. தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்னால், லுணுகலைக்கு மேலே இருந்த எங்கள் மலைக்கு அவருடைய அந்தப் படகு லொறியில் ஏறி வந்து சேர்ந்தது. தண்ணீர் என்று எங்களிடம் அப்போது இருந்தது தொழிலாளர் லயத்துப் பீலிக் குழாயில் வடிகிற தண்ணீர் மட்டும்தான்.

நான் தற்காலிக உதவி பிட்டர். பெரிய பிட்டர் கப்பலேறி இந்தியா போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. வேலையைவிட அதோடு வரும் வீட்டின் மேல்தான் எனக்குக் கண். தனி வீடு, ஒழுகாத கூரை. எங்கள் லயத்து அறையில் மழை வந்தால் என் மனைவி சட்டி பானைகளைப் பரப்பி வைப்பாள், பிள்ளைகள் இரண்டும் அவற்றுக்கு நடுவில் சுருண்டு கிடக்கும்.

துரை ஒரு நாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். தோட்டத்தைச் சோதிக்கக் கம்பெனியின் பெரிய அதிகாரி அடுத்த மாதம் வருகிறாராம். அவரைப் படகில் ஏற்றிக் காட்ட வேண்டுமாம்.

"படகு குதிரை மாதிரி துள்ளுது மேன். அதை நிப்பாட்டு. பெரிய பிட்டர் வேலை ஒனக்குத்தான்."

"சரிங்க தொரை" என்றேன். வேறு என்ன சொல்வது? அதுவரை நான் படகைத் தொட்டதுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் படகை லொறியில் ஏற்றி, மொனராகலைப் பக்கத்துப் பெரிய குளத்துக்கு இறங்குவோம். படகின் நடுவில் துரை உட்கார்ந்து ஓட்டுவார். அவருக்கு முன்னால், படகின் மூக்கில், ஒரு சின்ன இருக்கை. பின்னால் இஞ்சினை ஒட்டி ஒரு பெஞ்சு. அதில் ஆபீசுப் பெரிய கிளாக்கர், பாக்டரி டீமேக்கர், நான். முதல் இருவரும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். துரை வேகத்தைக் கூட்டியதும் மூக்கு மேலே எழும்பும், தொப்பென்று விழும், மறுபடி எழும்பும். கிளாக்கர் முருகனைக் கூப்பிடுவார். டீமேக்கர் காலையில் சாப்பிட்டதைக் குளத்துக்குத் திருப்பிக் கொடுப்பார்.

முதலில் நான் செய்தது பெரிய முட்டாள்தனம். ரோலரை நிறுத்துவதுபோல், கொட்டகையில் ரசமட்டம் வைத்து இஞ்சினைத் தரைக்கு நேர் செங்குத்தாக நிறுத்தினேன். படகு முட்டுக்கட்டையின் மேல் சாய்ந்து கிடந்தது என் கண்ணில் படவில்லை. அந்த ஞாயிறு துள்ளல் இரண்டு மடங்கானது. பிறகுதான் படகின் அடிப்பலகையை வைத்துச் சாய்வைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். இஞ்சினின் சாய்வைப் பிடிக்கும் கம்பிக்கு ஐந்து துளைகள் இருந்தன. கம்பியை ஒரு துளை உள்ளே தள்ளினால் துள்ளல் கொஞ்சம் குறைந்தது. ஆசையில் இன்னொரு துளை தள்ளினேன். மூக்கு தண்ணீரைக் குத்தி, ஸ்டியரிங் கல்லாகி, படகு தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கமாக இழுத்தது. திரும்ப ஒரு துளை வெளியே. வளைவில் இஞ்சின் காற்றாடி தண்ணீரை விட்டுவிட்டு வெறுமனே அலறியதால் இஞ்சினை ஓர் அங்குலம் இறக்கினேன். பின்னால் இருந்த பெட்ரோல் டாங்கியை நடுவுக்கு நகர்த்தினேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குணம் தெரிந்தது. ஆனால் துள்ளல் போகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீடு கையை விட்டுப் போகிறதே!

உண்மையைக் காட்டியது துரையின் நாய். ஒரு மத்தியானம் நாங்கள் மூவரும் கரையில் சோறு தின்றுகொண்டிருக்க, துரை நாயை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். நாய் நேராகப் போய் முன்னிருக்கையில் உட்கார்ந்தது. படகு இஸ்திரி போட்டதுபோல் ஓடியது!

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. துரையின் கார் வந்தால் குடையை மடக்கி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்கிற சாதி நாங்கள். துரைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு எவன் உட்காருவான்? மூன்று பேரும் மரியாதையோடு பின்னால் நெருக்கினோம், படகு மூக்கைத் தூக்கியது. இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோயைத் தேடிய நானே நோயில் மூன்றில் ஒரு பங்கு.

கிளாக்கரிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "ஐயா, நீங்க முன்னுக்குப் போய் உக்காந்தா போதுங்க. எல்லாம் சரியாயிடும்."

"என்னது? தொரைக்கு முதுகக் காட்டிக்கிட்டா? அப்புறம் காலையும் தூக்கி அவரு மடியில வைக்கச் சொல்லுவ போல! போடா, போய் ஆணிய முறுக்கு."

துரையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'உங்கள் மேல் உள்ள மரியாதைதான் பழுது' என்று ஒரு பிட்டர் எப்படிச் சொல்வான்?

பெரிய அதிகாரி வந்தார். துரைக்குப் பக்கத்தில் அவர், பின்பெஞ்சில் வழக்கம்போல் நாங்கள் மூவர். வேகம் ஏறியதும் படகு துள்ளத் தொடங்கியது. அதிகாரியின் தொப்பி பறந்தது. துரை திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் அந்த வீட்டின் கதவு சாத்தப்படுவது தெரிந்தது. நான் யோசிக்கவில்லை. எழுந்து, துரையின் தோளை உரசிக்கொண்டு தவழ்ந்து போய், முன்னிருக்கையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இரண்டு துள்ளல், ஒரு துள்ளல், அப்புறம் ஒன்றுமில்லை. தண்ணீர் பாய் விரித்ததுபோல் போனது. பின்னால் அதிகாரி சிரித்துக் கைதட்டியது கேட்டது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

திங்கட்கிழமை துரை கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் கிளாக்கர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நல்ல மூளை மேன் ஒனக்கு. ஆனா மரியாதை பத்தாது. பெரிய பிட்டர்னா நாலு பேருக்கு முன்னால நடந்துக்கத் தெரியணும்."

பெரிய பிட்டர் வேலை கிளாக்கரின் மருமகனுக்குப் போயிற்று.

"அப்புறம்," என்றார் துரை, "ஒன் எடைக்கு ஒரு மணல் மூட்டை கட்டி முன்னுக்கு வை."

"மூட்டைக்கு முதுகு கெடையாதுங்களே தொரை" என்று கிளாக்கர் சிரித்தார்.

கொழுந்து நிறுக்கிற தராசில் நானே தொங்கினேன். எடை பார்த்த கணக்கப்பிள்ளை பழக்க தோஷத்தில் கூடைக்கென்று இரண்டு றாத்தல் கழித்துத்தான் சொன்னார். அந்தக் கணக்குக்கே மூட்டை கட்டி முன்னிருக்கையில் இறுக்கி வைத்தேன். படகு பிசகில்லாமல் ஓடியது. எங்கள் தோட்டத்தில் துரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிரந்தரமாக உட்கார்ந்தது அது ஒன்றுதான்.

ஐப்பசி மழை பிடித்தது. மணல் நனைந்தால் எடை கூடிவிடும் என்று மூட்டையை மூடத் துரை புதுத் தார்ப்பாய் ஒன்று கொடுத்தனுப்பினார். அன்றிரவு பிள்ளைகளுக்கு நடுவில் சட்டிகளை நகர்த்தி வைத்துக்கொண்டே என் மனைவியிடம் அதைச் சொன்னேன். அவள் கூரையை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"மூட்டையாப் பொறந்திருந்தீங்கன்னா நாமளும் நனையாம இருந்திருப்போம்."